அக்கினி மூலைக்கு ஒரு பூட்டு

திட்ட மேலாளர் ஆகிவிட்டீர்களாமே! கேள்விப்பட்டேன். அலுவலகத்தில் கேக் வெட்டியிருப்பார்கள், முகத்தில் கிரீம் அப்பியிருப்பார்கள், அந்தக் கோலத்தில் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருப்பீர்கள். இருக்கட்டும், சந்தோஷம். அந்தக் கேக்கை வெட்டும்போது யாராவது உங்கள் காதோரம் வந்து, "உன் பெயர் இனி கோர்ட்டுக்கும் வேண்டிய பெயர்" என்று சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். நல்ல நாளும் அதுவுமாக யார் சொல்வார்கள்? அதனால்தான் நான் சொல்ல வந்திருக்கிறேன். நான் ஓய்வு பெற்றவள். இனி என்னை எந்த வேலையிலிருந்தும் நீக்க முடியாது. வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகங்கள் கட்டிக் கொடுப்பது என் பிழைப்பாக இருந்தது. அஸ்திவாரம் தோண்டுவதில் தொடங்கி, கருவிகள் வந்து, ஆட்கள் வந்து, கடைசியில் முதலாளியிடம் சாவியைக் கொடுக்கும் வரை எல்லாம் திட்ட மேலாளர் தலையில்தான். எந்தக் குழாய் எங்கே போக வேண்டும், எந்த விசிறி எவ்வளவு காற்றை இழுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குப் படிப்பு இருக்கிறது, பரீட்சை இருக்கிறது. படிப்பில் வராத ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். கொல்லிமலையில் ஒரு சொம்புப் பாலோடு நான் போட்ட சண்டை அது.

எங்கள் முதலாளி மலையடிவாரத்து விவசாயக் குடும்பம். சொந்தக் காடு, சொந்தக் கிணறு, சொந்தக் குரல். அந்தக் குரல் மலைமேல் செம்மேட்டில் பேசினால் அடிவாரத்தில் கேட்கும். மலையில் விளையும் மிளகை மலையிலேயே சோதித்து, அதிலிருந்து சாறு பிரித்து, டின்னில் அடைத்துக் கீழே இறக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நல்ல ஆசைதான். எதைக் கேட்டாலும் "அதுக்கென்னுங்க, பண்ணீரலாம்" என்பார். பணம் கொடுப்பதிலும் அப்படியே, ஆபத்தை வரவேற்பதிலும் அப்படியே.

மிளகிலிருந்து சாறு பிரிக்க ஹெக்சேன் என்று ஒரு திரவம் வேண்டும். பெட்ரோலுக்குப் பங்காளி. தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், பெட்ரோல் போல மணக்கும். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனம் என்பதால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்துகொண்டே போகும். எங்காவது ஒரு பொறி கிடைத்தால் அவ்வளவுதான், ஆவி போன வழியெல்லாம் நெருப்பு திரும்பி வரும். இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றதை வேதியியல் படித்தவர்களுக்கு விட்டுவிடுவோம்.

வேலை தொடங்கும் முன்பு முதலாளி என்னிடம் ஒரு தாளை நீட்டினார். ஆய்வகத்தின் பாதுகாப்புக்குச் சட்டப்படி பொறுப்பாளர் என்று என் பெயர் அதில் இருந்தது. "சும்மா மரியாதைக்குங்க" என்றார். மரியாதை என்றால் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. தாளைப் பையில் போட்டுக்கொண்டு நாமக்கல்லில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். தொழிற்சாலை வழக்குகளிலேயே தலை நரைத்தவர். அவருக்கு விளம்பரம் பிடிக்காது, அதனால் பெயர் வேண்டாம். தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மரியாதைக்குன்னு சொன்னாங்களா?"

"ஆமாங்க."

மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அம்மிணி, கம்பெனிக்கு அபராதம் போட்டா கட்டிப்போடும். ஆனா கூண்டுல நிக்க ஒரு உடம்பு வேணுமுங்களே. கம்பெனிக்கு உடம்பு கெடையாது. அதுக்குத்தான் உங்க பேரு."

"முதலாளி பேரும் இருக்குதுங்களே?"

"இருக்குது. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அவரு என்ன சொல்வாரு? நான் எல்லாம் சரியாத்தானுங்க பண்ணி வெச்சிருந்தேன், அந்தம்மாவை நம்பிப் பொறுப்பக் குடுத்தேன், அவங்கதான் கவனிக்கலைம்பாரு. அப்படிச் சொல்லிப் பாக்கறதுக்குச் சட்டத்துல வழி இருக்குது. நீங்க யாரைக் காட்டுவீங்க? கண்ணாடிக் குடுவையைக் காட்டுவீங்களா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தாளை இன்னொரு முறை எடுத்துப் படித்தேன்.

"கோர்ட்டுல சுத்திச் சுத்திக் கேட்டாலும் ரெண்டே கேள்விதானுங்க" என்றார். "ஆபத்துன்னு உனக்குத் தெரிஞ்சுதா? அதை நிறுத்த உன்னால முடிஞ்சுதா? தெரிஞ்சும், முடிஞ்சும் நிறுத்தலீன்னா எங்கிட்ட வாங்க, ரெண்டு பேரும் சேந்து அழலாம். தெரிஞ்சுது, ஆனா நிறுத்த அதிகாரமே இல்லீன்னு சொன்னீங்கன்னா, அப்புறம் எதுக்கம்மா பேரைக் குடுத்தேம்பாங்க. அதனால பேரைக் குடுக்கறதுக்கு முன்னால பூட்டை வாங்குங்க."

"என்ன பூட்டுங்க?"

"கட்டடத்தை எப்ப வேணும்னாலும் இழுத்துப் பூட்டற அதிகாரம். முதலாளியே வந்து நின்னாலும் தொறக்கமாட்டேங்கற அதிகாரம். அதை எழுத்துல வாங்குங்க."

சட்டத்தின் பெயர்கள் மாறும், பிரிவுகள் மாறும், புதிய தொகுப்புகள் வரும். அதையெல்லாம் உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இரண்டு கேள்விகள் மாறி நான் பார்த்ததில்லை. பெரிய பதவி கொடுத்து, கையைக் கட்டிவிட்டு, கீழே உங்கள் பெயரைப் போடச் சொல்லும் இடங்கள் நிறைய உண்டு. அங்கெல்லாம் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

முதலாளியிடம் பூட்டுக் கதையைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தால், மனிதர் காரின் முன்பக்கத்திலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "பூட்டென்னுங்க அம்மிணி, கதவையே வேணும்னாலும் கழட்டிக்குங்க!" என்றார். ஆய்வகத்தை ஒப்படைக்கும் நாள் வரை சாவி என்னிடம்தான், ஆபத்து என்று நான் நினைத்தால் யாரையும் உள்ளே விடாமல் பூட்டலாம் என்று எழுத்தில் ஆனது. அன்றிலிருந்து அவர் யாரைப் பார்த்தாலும், "எங்க கட்டடத்துக்கு ஒரு மாமியா வந்திருக்குதுங்க" என்று என்னை அறிமுகப்படுத்தத் தொடங்கினார். நானும் மாமியாராகவே நடந்துகொண்டேன்.

அடுத்து வாஸ்துக்காரர் வந்தார். எல்லா ஊரிலும் வருவார், வந்தால் கழிவறையை இடிக்கச் சொல்வார், நாம் மயக்கம் போடுவோம். இங்கே ஒரு அதிசயம் நடந்தது. நெருப்போடு சம்பந்தப்பட்டதெல்லாம் தென்கிழக்கு மூலையில், அதாவது அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும், ஆகவே எரியும் சரக்கையும் அங்கேயே வைக்க வேண்டும் என்றார். எங்கள் பொறியாளர்களும் ஹெக்சேன் கிடங்குக்கு அதே மூலையைத்தான் குறித்திருந்தார்கள். அது சரிவின் கீழ்ப்பக்கம், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம், ஆவி கசிந்தாலும் காட்டுக்குள் இறங்கிப் போய்விடும். வாஸ்துவும் பொறியியலும் ஒத்துப்போனதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். செம்மேட்டுக் கடையில் ஜிலேபி வாங்கி எல்லோரும் தின்றோம். அக்கினி மூலையில் வேறு என்ன செய்வார்கள் என்று ஜிலேபி தின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். விளக்கு வாசற்படியில்தான், கற்பூரமும் வெளியேதான், உள்ளே ஒரு ஊதுபத்திகூடக் கிடையாது என்று முதலாளியோடும் ஐயரோடும் பேசி முடித்திருந்தேன். ஐயருக்கு அதே காலையில் செம்மேட்டில் இன்னொரு விசேஷம் இருந்ததால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். விட்டுப்போனது ஒன்றே ஒன்று. புதுக் கட்டடத்தில் பால் காய்ச்ச வேண்டும். அது வீட்டுப் பெண்கள் காரியம், எந்த ஆணும் அதை வாய்விட்டுச் சொல்லித் திட்டமிட மாட்டான். சொல்லாமலே நடக்கிற காரியம் அது. காலையில் சூரியன் வருவதைப் போல அதுவும் வரும்.

வந்தது. முதலாளியம்மா அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவையும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏறி, பித்தளைச் சொம்பில் பாலோடும், ஒற்றை அடுப்பு கேஸ் ஸ்டவ்வோடும் வந்து இறங்கினார். ஹெக்சேன் பீப்பாய்களும் அதே வளைவுகளில்தான் முந்தின நாள் லாரியில் ஆடி ஆடி ஏறியிருந்தன. அவற்றுக்கு எலுமிச்சம்பழம் தர யாரும் இல்லை.

இங்கே சுகந்தியை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கொல்லிமலையிலேயே குண்டூர் நாட்டுப் பெண், அங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. வேதியியல் படித்துவிட்டு எங்கள் ஆய்வகத்தில் முதலாவதாக வேலைக்குச் சேர்ந்தவள். சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் முன்பு ஒருமுறை சிரிப்பாள். கிடங்கின் சாவி அவளிடமும் ஒன்று இருந்தது, சரக்கை இறக்கி வைக்கும் பொறுப்பு அவளுடையது.

அன்று காலை நான் சரிவின் மேல்பக்கம், கேன்டீனுக்கென்று போட்டிருந்த கொட்டகையில் சமையல்காரரோடு வெண்பொங்கலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பனி இன்னும் விலகவில்லை. மேலிருந்து கீழாகக் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. பெரக்கரை நாட்டிலிருந்தும் குண்டூர் நாட்டிலிருந்தும் மிளகு போடும் குடும்பங்களெல்லாம் வந்திருந்தன. மைக் செட் அலறியது. கீழே முதலாளியம்மாவைக் காணோம். சுகந்தியையும் காணோம். யாரோ ஒரு அம்மாள், "பால் காச்சப் போயிருக்காங்க, அக்கினி மூலைக்கு" என்றார்.

அக்கினி மூலைக்கு! அந்தச் சரிவில் நான் இறங்கிய வேகத்தைப் பார்த்த ஒருவர், அதற்கப்புறம் பல வருடம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஓடிக் காட்டுவார். செருப்பு ஒன்று எங்கோ போய்விட்டது. வாசற்படியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஐயர் தலையாட்டியதையெல்லாம் மறந்து சாம்பிராணித் தட்டோடு உள்ளே நுழையத் தயாராக நின்றார், வீடியோக்காரர் விளக்கைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால். "ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க, முதலாளி வராம உள்ள வந்தா ஆகாது" என்று ஒரு புது சாஸ்திரத்தை அந்த நிமிடத்தில் உண்டாக்கிவிட்டு உள்ளே போனேன்.

கிடங்கின் கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் அழகான மாக்கோலம், கோலத்தின் மேல் ஸ்டவ், ஸ்டவ்வின் மேல் பால் சொம்பு, சொம்புக்கு மஞ்சள் கொத்து. பின்னால் வரிசையாக ஹெக்சேன் பீப்பாய்கள், ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். சுகந்தி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் தீப்பெட்டி. "நம்ம மலைப் புள்ளை கையால பத்த வெக்கட்டும்" என்று முதலாளியம்மா ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பூ வாசம், சந்தன வாசம், புதுப் பெயின்ட் வாசம். எல்லாவற்றுக்கும் அடியில், என் வெறும் காலருகே, லேசாகப் பெட்ரோல் வாசம்.

சுகந்திக்குத் தெரியும். வேதியியல் படித்தவள், அவளுக்குத் தெரியாதா? அவள் கண் என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தது. முதலாளியம்மா ஆசையோடு தீப்பெட்டியை நீட்டும்போது "வேண்டாமுங்க" என்று சொல்ல எந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? ஒரு விரல் பெட்டியைத் திறந்தும்விட்டது. எனக்கு உயிரே போய்விட்டது என்று சொன்னால் அது அலங்காரம் அல்ல.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "நெருப்பு! ஓடுங்க!" என்று கத்தியிருப்பீர்கள். கத்தினால் முதலாளியம்மா பதறிச் சொம்பைத் தட்டுவார், சுகந்தி பதறிக் குச்சியைக் கிழித்தாலும் கிழிப்பாள், வெளியே இருப்பவர்கள் உதவுவதற்காக விளக்கோடு உள்ளே ஓடி வருவார்கள். நம் சனம் ஆபத்தைக் கண்டு ஓடாது, என்னவென்று பார்க்க வரும். அதனால் நான் உலகத்திலேயே மிகவும் அலுப்பான குரலில், "கண்ணு, தீப்பெட்டிய மூடிக் கையிலயே வெச்சுக்கிட்டு எந்திரிச்சு வா. எந்த ஸ்விட்சையும் தொடாத" என்றேன். பிறகு முதலாளியம்மாவைப் பார்த்து, "அக்கா, நெத்திப் பொட்டு கோணலா இருக்குதுங்க. வீடியோல விழுந்துரும். வெளிய வெளிச்சத்துக்கு வாங்க, சரி பண்ணி விடறேன்" என்றேன்.

அவர் வெளியே வந்த வேகம் எந்தத் தீயணைப்புப் பயிற்சியிலும் வராது. சுகந்தி அவருக்குப் பின்னால். தள்ளி நின்ற மைக் செட்காரரிடம் ஜெனரேட்டரை அங்கேயே வைத்து அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். பாட்டு பாதியில் செத்தது. வாசல் விளக்கை ஐயரே எடுத்து மேல்பக்கம் கொண்டுபோனார். மிச்சம் இருந்தது கூட்டம். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சாப்பாடு போட்டாச்சுங்க, எல்லாரும் மேல வாங்க!" என்று கத்தினேன். ஒரு நிமிடத்தில் அந்தக் கட்டடத்தைச் சுற்றி ஒரு ஆள் இல்லை. கிடங்கின் வெளிச்சுவரில் தரையோடு வைத்திருந்த காற்றுத் துவாரங்கள் தம் வேலையைப் பார்க்கட்டும் என்று உள்கதவை மூடினேன், கட்டடத்தின் வெளிக்கதவைப் பூட்டினேன், சாவியை இடுப்பில் செருகினேன். அப்புறம்தான் தொலைந்த செருப்பு ஞாபகத்துக்கு வந்தது.

முதலாளி சொந்தபந்தங்களோடு வந்துகொண்டிருந்தார். பட்டு வேட்டி, பட்டுத் துண்டு, முகத்தில் குழப்பம்.

"என்னுங்க அம்மிணி இது? பாட்டு நின்னு போச்சு, சனமெல்லாம் மேல போகுது, என்ர ஊட்டுக்காரி பொட்டைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு நிக்கறா?"

"உள்ள ஹெக்சேன் கசியுதுங்க. வாசம் வருது. அங்க பால் காச்ச முடியாதுங்க."

"அது புதுப் பெயின்ட் வாசமுங்க."

"இல்லீங்க. பீப்பாய் நேத்து அத்தனை வளைவுல ஆடி வந்துச்சு. எதோ ஒண்ணுல மூடி விட்டிருக்குது."

"ஏனுங்க, ரெண்டு நிமிஷப் பாலுங்க. ஒரே கொதி. முகூர்த்தம் முடியப்போகுது. இத்தனை பேரைக் கூப்புட்டு வெச்சுட்டு, பால் பொங்காத கட்டடம்னு பேரெடுக்கச் சொல்றீங்களா?"

"ஒரு பொறி போதுமுங்க."

மச்சான் ஒருவர் பக்கத்திலிருந்து, "அந்தம்மா ரொம்பப் பண்ணுது" என்றார். அதுதான் முதலாளியைச் சுட்டது. தன் சொந்தக்காரர்கள் நடுவில் தன் கட்டடத்துக்குள் தான் போக முடியவில்லை. குரல் மாறிவிட்டது. "இது என்ர கட்டடம். சாவியக் குடுங்க" என்று கையை நீட்டினார். "நாளையிலிருந்து நீங்க வரவும் வேண்டாம்."

உண்மையைச் சொல்கிறேன், பயந்தேன். வேலை போனால் அடுத்த வேலை சுலபமில்லை, முதலாளியை வாசலில் நிற்கவைத்துப் பூட்டியவள் என்ற பெயரோடு போனால் யார் சேர்ப்பார்கள்? சாவியைக் கொடுத்துவிட்டால் என் கடமை முடிந்தது என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஆனால் பூட்டும் அதிகாரம் என் கையில் இருக்கும்போது கொடுத்தால், வக்கீல் சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் "ஆமாம், தெரிந்தது. ஆமாம், முடிந்தது" என்றுதான் நான் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பின் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. அதோடு குச்சியைக் கிழிக்கப்போவது நானும் இல்லை, முதலாளியும் இல்லை. அந்தப் பெண் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"தரேனுங்க" என்றேன். கைப்பையிலிருந்து திறப்பு விழா அழைப்பிதழ் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, பேனாவோடு நீட்டினேன். "ரெண்டே வரி எழுதிக் குடுங்க. இந்த நிமிஷத்துல இருந்து இந்த இடத்துப் பாதுகாப்புக்கு நானே பொறுப்பு. கசிவு இருக்குதுன்னு மேலாளர் சொல்லியும் நான்தான் தொறக்கச் சொன்னேன். கீழ உங்க பேரு, கையெழுத்து. சாவி உங்க கையில."

"இவ்வளவுதானா?" என்று பேனாவை வாங்கினார். மச்சான் எழுதுவதற்குத் தன் முதுகைக் குனிந்து காட்டினார். முதலாளி அழைப்பிதழை அந்த முதுகின் மேல் வைத்தார். பேனாவை ஊன்றினார். ஊன்றியவர் அப்படியே நின்றார்.

"இதை எழுதினா என்ன ஆகுமுங்க?"

"ஒண்ணும் ஆகலீன்னா ஒண்ணுமே இல்லீங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா கூண்டுல நீங்க நிப்பீங்க. நான் வெளிய இருந்து உங்களுக்கு டீ வாங்கிட்டு வருவேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். மச்சானின் முதுகைப் பார்த்தார். ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தார். பிறகு மூக்கைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு மூச்சு. அப்புறம் என்ன சொன்னார் தெரியுமா?

"ஏனுங்க அம்மிணி, பெட்ரோல் வாசம் அடிக்குதே?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அதே மூக்கு, அதே காற்று, அதே இடம்! தன் பெயர் தாளில் விழப்போகிறது என்றதும் மனிதருக்கு வாசம் தெரிகிறது. இன்று வரை நான் யாருக்காவது பாதுகாப்புப் பாடம் எடுத்தால் இதைத்தான் சொல்வேன். யாராவது "ஒண்ணும் ஆகாது" என்று உங்களிடம் அடித்துச் சொன்னால் சண்டை போடாதீர்கள், பேனாவை நீட்டுங்கள். குனிந்திருந்த மச்சான், "எழுதீட்டீங்களா மாமா, இடுப்பு புடிக்குது" என்றார். முதலாளியும் சிரித்துவிட்டார். அழைப்பிதழை மடித்துத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

பால் மட்டும் இன்னும் பாக்கி. முதலாளியம்மா கண் கலங்கி நின்றார், அவர் கவலையும் நியாயம்தான். நான் அவரிடம் போனேன்.

"அக்கா, உங்க ஊட்டுல பால் எங்க காச்சுனீங்க?"

"அடுப்படியிலதான்."

"சாமி ரூம்புல காச்சலையே? நெல்லு வெக்கற ரூம்புல காச்சலையே?"

"அங்கெல்லாம் எப்படிக் காச்சறது? அடுப்படியிலதான காச்சோணும்?"

"இந்த இடத்துக்கு அடுப்படி மேல இருக்குதுங்க. கேன்டீனு. இது வெறும் சரக்கு ரூம்பு."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு ஐயரைத் திரும்பிப் பார்த்தார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். "அடுப்படிக்கும் ஒரு அக்கினி மூலை இருக்கும்மா. அங்க பொங்கினா இன்னும் விசேஷம்" என்றார். செம்மேட்டில் காத்திருந்த விசேஷம் அவருக்கு அந்த வாக்கைக் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

கேன்டீன் கொட்டகைக்கு இன்னும் சுவரே எழும்பவில்லை. அதனால் என்ன? தென்கிழக்குத் தூணுக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து, காப்பிச் செடிக் கழியை மூட்டி, சமையல்காரர் கொடுத்த புதுப் பாலை ஏற்றினார்கள். முதல் குச்சியைச் சுகந்திதான் கிழித்தாள், அந்த உரிமையை முதலாளியம்மா வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பால் நாலாபுறமும் பொங்கி வழிந்தது. மலைப் பெண்கள் குலவை போட்டார்கள். முதலாளி, "பொங்குச்சுங்களா? பொங்குச்சுங்களா?" என்று கண்ணால் பார்த்துக்கொண்டே எல்லோரிடமும் கேட்டார். மைக் செட்காரர் ஜெனரேட்டரை மேலே கொண்டுவந்து அங்கேயே பாட்டைப் போட்டார். அதைவிடச் சத்தமான ஒரு திறப்பு விழாவை நான் பார்த்ததில்லை.

கொண்டாட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆவி போய்விட்டதா என்று அளந்து பார்த்துவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு கிடங்குக்குள் போனோம். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்த வேலை, விட்டுவிடுகிறேன். பின்வரிசையில் ஒரு பீப்பாயின் மூடி தளர்ந்திருந்தது. அதிலிருந்து மெல்லிய ஒரு கோடாக ஈரம் தரையில் இறங்கி வந்திருந்தது. முதலாளியம்மா இழுத்து இழுத்துப் போட்ட மாக்கோலத்தின் ஒரு ஓரம் அந்த ஈரத்தில் கரைந்து போயிருந்தது. சுகந்தி மண்டியிட்டிருந்த இடம் அதுதான். அவள் அதைப் பார்த்தாள். பால் சொம்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

பிறகு பந்தியில் அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். இலையில் ஆவி பறக்கும் வெண்பொங்கல், எங்கள் மலை மிளகு முழுசு முழுசாக. முதலாளியம்மா தானே பரிமாறிக்கொண்டு வந்தார். எனக்கு உடம்பெல்லாம் இறகு முளைத்த மாதிரி இருந்தது. வேலை போகவில்லை, கட்டடம் இருக்கிறது, கூண்டு இல்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தேன். சுகந்தி ஒரு கவளத்தை விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, நான் அந்தக் குச்சியக் கிழிச்சிருந்தா கேஸு யாரு மேல வந்திருக்கும்?"

"வேற யாரு? என் மேலதான். முதலாளி தப்பிக்கப் பாத்திருப்பாரு."

"என் மேல வராதுங்களா?"

"உன் மேல எப்படிக் கண்ணு வரும்? வராது."

"நல்ல சட்டமுங்க்கா" என்று அவள் திருப்தியோடு அடுத்த கவளத்தை எடுத்தாள். எடுத்த கை பாதியில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமாமில்ல. நான்தான் இருந்திருக்கவே மாட்டனே" என்றாள். சொல்லிவிட்டு, வழக்கம் போலச் சிரித்தாள்.

நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். காலையிலிருந்து அவ்வளவு சிரித்தவளுக்கு இதற்கு ஒரு சிரிப்பு வராதா? வரவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது, இலையிலும் விழுந்தது. காலையிலிருந்து நான் என் பெயரைத்தான் காப்பாற்றிக்கொண்டு ஓடினேனோ என்று ஒரு கணம் எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. சுகந்தி பயந்துபோய் என் தோளைப் பிடித்தாள். முதலாளியம்மா பொங்கல் வாளியோடு ஓடி வந்தார்.

"அய்யோ, மொளகைக் கடிச்சுட்டீங்களா அம்மிணி?"

"ஆமாங்க்கா" என்றேன். "மொளகுதான்."